தொற்றுக் காலமும் வீட்டுக்குள் பதற்றமும்: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"பயப்படாதே" என்று சொல்லி யாருடைய பயமும் போனதாக நான் பார்த்ததில்லை. கொரோனா காலத்தில் மலையில் அதிகம் புழங்கிய சொல் இதுவாகத்தான் இருக்கும். சொன்னவருக்கும் தூக்கமில்லை, கேட்டவருக்கும் தூக்கமில்லை. ஏனென்றால், இங்கே பலருடைய பயத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் காரணம் இருந்தது. நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. மறு ஆண்டு மே 10 முதல் தமிழகத்தில் மீண்டும் முழு ஊரடங்கு. இரண்டு முறையும் அடி சீசன் மீதுதான் விழுந்தது. ஊட்டியில் டாக்சி ஓட்டுபவர், காட்டேஜ் நடத்துபவர், படகு இல்லத்தருகே சோளம் சுட்டு விற்பவர் எல்லோருக்கும் ஏப்ரல், மே வருமானம்தான் மழைமாதங்களுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் மலர்க் கண்காட்சி இல்லை, சுற்றுலா வண்டிகள் இல்லை. மலைக்கு ஏறும் வழியில் உள்ள குஞ்சப்பனை, பர்லியார் சோதனைச் சாவடிகளில் இ-பாஸ் கேட்டார்கள். கோவையில் வேலை பார்க்கும் மகன் நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வர முடியவில்லை.

இப்படிப்பட்ட பயத்துக்கு ஆறுதல் போதாது, வேலை கொடுக்க வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டி வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. மனசு, மூச்சு எல்லாம் அதற்குப் பிறகு. இன்னொரு தொற்று வந்தால் இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

படி 1: பயத்தைத் தாளில் இறக்குங்கள்

ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உட்காருங்கள். பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். பாட்டியையும் விட வேண்டாம், ஏழு வயதுப் பிள்ளையையும் விட வேண்டாம். எழுதும்போது "இதற்கெல்லாமா பயப்படுவார்கள்?" என்று யாரும் குறுக்கே பேசக்கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் பாருங்கள். நம்மால் ஏதாவது செய்யக்கூடியது என்றால் பக்கத்திலேயே ஒருவர் பெயரும் ஒரு தேதியும் வர வேண்டும். "அப்பாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடும்" என்பது பயம். "வியாழக்கிழமைக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாத மாத்திரை வாங்குவது, பொறுப்பு: செல்வி" என்பது வேலை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில்தான் தொடங்கியது. உங்கள் வீட்டு முதியவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று இப்போதே சுகாதார நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

பணம் பற்றிய வரிகள்தான் அதிகம் வரும், வரட்டும். கடன் தவணை, குழுக் கடன், பள்ளிக் கட்டணம், கடைப் பாக்கி என்று எல்லாவற்றையும் தொகையோடு எழுதுங்கள். எழுதாத கடன் இரவில் இரண்டு மடங்காகத் தெரியும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிக் கட்ட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. அது தெரியாமல் நிம்மதியாக இருந்துவிட்டுப் பிறகு திகைத்தவர்கள் உண்டு. தவணையைத் தள்ளி வைக்கிறோம் என்று யார் சொன்னாலும், "வட்டி நிற்குமா, ஓடுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அரசின் நிவாரணம் பெரும்பாலும் ரேஷன் அட்டை வழியாகத்தான் வருகிறது. 2020-இல் 1,000 ரூபாயும், 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் அப்படித்தான் வந்தன. அட்டையில் பெயர் நீக்கல், சேர்த்தல் வேலை பாக்கியிருந்தால் அமைதியான காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. சமவெளிக்காரர்களுக்கு இது ஒரு வரி, நமக்கு ஒரு பக்கம். நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யார் வண்டி எடுப்பார்? அவர் இல்லையென்றால் யார்? உங்கள் எஸ்டேட்டுக்குள் 108 வண்டி வீட்டு வாசல்வரை வருமா, மெயின் ரோடுவரை தூக்கி வர வேண்டுமா? மேல்சிகிச்சை கோவையில் என்றால் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டால் மாற்றுவழி எது? பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு வயநாட்டு ஆஸ்பத்திரிகள் அருகில். ஆனால் பாட்டவயலிலும் தாளூரிலும் கேரள எல்லையை மூடினால் கதை மாறிவிடும். அதையும் யோசித்து வையுங்கள். எண்கள் போனில் இருந்தால் போதாது. மழையில் இரண்டு நாள் மின்சாரம் போனால் போன் செத்துவிடும். பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

செய்ய எதுவுமில்லாத வரிகளும் நோட்டில் மிஞ்சும். "இது எப்போது முடியும்?", "எனக்கு வந்துவிடுமோ?" என்பவை போல. அவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம், அதைப் பற்றி மட்டும் பேசலாம், புலம்பலாம், அழலாம். மற்ற நேரத்தில் அந்த நினைப்பு வந்தால் "ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நோட்டில் குறித்துவிட்டு நகருங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் மனநல ஆலோசகர்கள் பல காலமாகக் கற்றுத்தரும் முறை இது. படுக்கைக்குப் போகும் முன்பு மட்டும் இந்த நேரத்தை வைக்காதீர்கள்.

படி 2: உடம்பு சொல்லும் பொய்யையும் உண்மையையும் பிரித்துப் பாருங்கள்

மலையில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கினார்கள். பதற்றத்தைக் குறைக்க வாங்கிய கருவியே பல வீடுகளில் பதற்றத்தைக் கூட்டியது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் சமவெளியில் காட்டுவதைவிடச் சில புள்ளிகள் குறைவாகக் காட்டலாம். சென்னையில் இருக்கும் சித்தப்பா "எனக்கு 99" என்று சொன்னதைக் கேட்டு, 96 வந்த விரலைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் குளிர்ந்த விரல். காலையில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவிய கையோடு கருவியை மாட்டினால், விரல் நுனியில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் தவறான எண் வரும். கையைத் தேய்த்துச் சூடேற்றி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுத்திருங்கள். நோயில்லாத நாளிலேயே எல்லோருக்கும் பார்த்து அந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். நோய் வந்தால் ஒப்பிட அது உதவும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பார்த்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது நோய்க்கு மருந்தல்ல.

சூடான விரலிலும் 94-க்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 90-க்குக் கீழே போனால் 108. எண் நன்றாக இருந்தாலும், ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ கருவியை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காற்றோட்டமும் நமக்குத் தலைவலிதான். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் கிருமி. எதிரெதிர் ஜன்னல்களை மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் திறந்து வையுங்கள், அந்த நேரத்துக்கு ஸ்வெட்டரும் கம்பளியும் இருக்கட்டும். வெயில் அடிக்கும் நேரத்தில் தாராளமாகத் திறக்கலாம். ஆனால் குளிருக்காக இரும்புச் சட்டியில் கரி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் கொரோனாவா என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்.

படி 3: படபடப்பு வரும்போது

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப்போகிறது, மூச்சு போதவில்லை, செத்துவிடுவோமோ என்று தோன்றுகிறது. பதற்றத் தாக்குதல் இப்படித்தான் வரும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கும். அது வந்தவர் பக்கத்தில் ஒருவர் மட்டும் உட்காருங்கள். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு தண்ணீர் தெளிப்பது வேண்டாம்.

மூச்சை நான்கு எண்ணும்வரை மூக்கு வழியாக இழுத்து, ஆறு எண்ணும்வரை வாய் வழியாக மெதுவாக விடச் சொல்லுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பிள்ளைகளுக்குச் சூடான டீயை ஊதுவது போல ஊதச் சொன்னால் உடனே புரியும். நீங்களும் கூடவே செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு அறையில் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள், காதில் விழும் மூன்று சத்தங்களையும் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நடுத்தர வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, இதய நோய் உள்ளவர் ஆகியோருக்கு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால், அல்லது வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், "பதற்றம்தான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லட்டும்.

படி 4: நாளுக்கு ஒரு ஒழுங்கு

செய்தி ஒரு நாளைக்கு இரண்டு முறை. காலையில் செய்தித்தாளோ உதகை வானொலியோ, மாலையில் சுகாதாரத் துறையின் அறிக்கை. அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் "நம்ம ஊரில் இன்னார் வீட்டில் வந்துவிட்டதாம்" என்ற குரல்பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது செய்தியாக வந்தாலும் ஊரில் சேரும்போது தண்டனையாகிவிடும்.

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு டீயைக் குறை என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். வீட்டிலேயே அடைந்து கிடக்கும்போது நாலு கிளாஸ் எட்டாகிறது. டீயில் உள்ள காஃபின் படபடப்பைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். மாலை நான்கு மணிக்குப் பிறகு சுக்குத் தண்ணீருக்கு மாறுங்கள். எழும் நேரம் மாற வேண்டாம். இரவில் எவ்வளவு தாமதமாகத் தூங்கினாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்தால் சில நாளில் தூக்கம் தானாக வரிசைக்கு வரும்.

நடை முக்கியம். வெயில் ஏறிய பிறகு போய்விட்டு, இருட்டும் முன்பு திரும்பிவிடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்தால் காட்டெருமையும் கரடியும் ஊருக்குள் தாராளமாக நடக்கும். கூடலூர்ப் பக்கம் யானை. பதற்றம் தணிய நடக்கப் போய் வேறு பதற்றத்தோடு திரும்ப வேண்டாம்.

படி 5: ஒரு அறை வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால்

"தனி அறை, தனிக் கழிப்பறை" என்று அச்சிட்ட அறிவுரை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருப்பவருக்குக் கேலியாகத்தான் தெரியும். ஒரு அறை, ஒரு சமையலறை, பொதுக் குழாய். அங்கே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். நோயாளியின் பாய் ஜன்னலோரம், மற்றவர்களின் தலைமாடு எதிர்ச் சுவர். நடுவில் ஒரு புடவைத் திரை கிருமியை முழுதாகத் தடுக்காது, ஆனால் நோயாளிக்கு அது ஓர் அறையைத் தரும். நோயாளியும் கவனித்துக்கொள்பவரும் முகக்கவசம் போட வேண்டும். கவனிக்க ஒரே ஆள், அவர் முதியவராக இருக்கக்கூடாது. பொதுக் கழிப்பறைக்கு நோயாளி கடைசியாகப் போகும்படி பக்கத்து வீடுகளோடு பேசி நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். மறைத்துச் சமாளிப்பதைவிட இப்படிப் பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது. இந்த ஏற்பாடு முடியாது என்றால் அரசின் கவனிப்பு மையத்துக்குப் போவதில் வெட்கம் எதுவுமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். முன்பெல்லாம் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். மலை உச்சியில் வேம்பு வளராததால் மேட்டுப்பாளையத்திலிருந்து கொத்து வரவழைத்தாவது செருகுவார்கள். அந்த வீட்டுக்குள் யாரும் நுழைவதில்லை, ஆனால் அந்த வீட்டைக் குற்றவாளியாகவும் பார்ப்பதில்லை. 2020-இல் வாசலில் எச்சரிக்கைத் தாள் ஒட்டிய வீடுகளை ஊர் பார்த்த பார்வை அப்படி இல்லை. தொற்று வந்த வீட்டுக்குக் காலையில் பாலும் மாலையில் ஒரு போன் அழைப்பும் போக வேண்டும். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "கடைக்குப் போகிறேன் அக்கா, அரிசியும் பருப்பும் வாங்கி வாசலில் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

நோயில்லாத வீட்டிலும் நெருக்கடி உண்டு. ஒரே அறையில் ஆறு பேர் மாதக்கணக்கில் இருந்தால் கரண்டி விழுந்த சத்தத்துக்கும் சண்டை வரும். ஒவ்வொருவருக்கும் தினம் அரைமணி நேரம் யாரும் கூப்பிடாத நேரம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். வெளித்திண்ணை, தேயிலைக் காட்டு ஓரம் என எந்த இடமாக இருந்தாலும் சரி. வீட்டுப் பெண்களுக்கு இந்த அரைமணி தானாகக் கிடைக்காது. அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்த்துக்கொள்வது என்றும் நோட்டில் எழுதினால்தான் கிடைக்கும்.

படி 6: பிள்ளைகளும் பெரியவர்களும்

சிறு பிள்ளைகள் "பயமாக இருக்கிறது" என்று சொல்வது குறைவு. வயிறு வலிக்கிறது என்பார்கள், நகம் கடிப்பார்கள். நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பும். திட்டாதீர்கள். கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

"அம்மா, தாத்தா செத்துப்போய்விடுவாரா?"

"தாத்தாவுக்குக் காய்ச்சல் இருக்கிறது கண்ணு. டாக்டர் பார்க்கிறார். எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் தாத்தா எப்படி இருக்கிறார் என்று உன்னிடம் சொல்கிறேன்."

இவ்வளவு போதும். "ஒன்றுமே ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்னபடி மாலையில் சொல்லிவிடுங்கள்.

ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். வகுப்பு விட்டுப்போவதைப் பற்றிய பதற்றம் பிள்ளையைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம். சிக்னல் இல்லையென்றால் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, பாடப்புத்தகம் இருக்கிறது. மழையில் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் பாடம் கேட்க வேண்டியதில்லை. பதின்வயதினர் கதவைச் சாத்திக்கொண்டால் சாத்திக்கொள்ளட்டும், சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோரோடும் உட்கார வேண்டும் என்று சொல்லுங்கள்.

முதியவர்களுக்கு நோயைவிடத் தாங்கள் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம்தான் அதிகம் அரிக்கும். அவர்களை மூலையில் உட்கார வைத்துப் பாதுகாப்பதோடு நிறுத்தாதீர்கள். கீரை ஆய்வது, பேரனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, தினம் இரண்டு உறவினரிடம் போனில் நலம் விசாரித்து வீட்டுக்குச் சொல்வது என்று உண்மையான பொறுப்பைக் கொடுங்கள்.

படி 7: குடியும் கோபமும்

வருமானம் நின்ற ஆணின் பதற்றம் பல வீடுகளில் கோபமாகவே வெளிவந்தது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கை ஓங்கினால் 181. அது பெண்களுக்கான உதவி எண். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

தினமும் குடித்துப் பழகியவருக்கு ஊரடங்கில் கடை மூடினால் ஒரே நாளில் குடி நிற்கும். அது நல்லதுதானே என்று விட்டுவிடக்கூடாது. முதல் நாளே கை நடுக்கமும் வியர்வையும் வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆளோடு பேசுவது, பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவது, வலிப்பு எல்லாம் வரலாம். "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்க நேரத்தைச் செலவிடாமல் ஆஸ்பத்திரியில் சேருங்கள். உயிர் போகக்கூடிய நிலை அது.

படி 8: சாவு நேர்ந்தால்

சாவுக்கு இருபது பேர்தான் வரலாம் என்ற விதி 2020-இல் வந்தபோது மலை அதிர்ந்தது. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் ஒரு சாவென்றால் சுற்றுவட்ட ஹட்டிகள் எல்லாம் திரளும். எஸ்டேட் லைன்களிலும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். கூட்டம் கூடி அழுவதுதான் நம் மருந்து. அது பறிபோன வீடுகளில் துக்கம் அப்படியே தங்கிவிட்டது.

கூட முடியாதபோது முகத்தைப் பார்க்க வீடியோ அழைப்பு வையுங்கள், நெட்வொர்க் இல்லையென்றால் படம் எடுத்து அனுப்புங்கள். பங்காளிகள் ஒவ்வொரு நாளும் ஒருவராக முறைபோட்டு அழைத்து, இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள். கட்டுப்பாடு நீங்கியபின், எத்தனை மாதம் கழிந்திருந்தாலும், ஊரைக் கூட்டி ஒரு நாள் படையல் போடுங்கள். "இனி எதற்கு" என்று சொல்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 9: வீட்டு வைத்தியம் போதாத இடம்

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கவோ வேலை செய்யவோ முடியவில்லை, நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டே இருக்கிறார் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரை அரசு மருத்துவமனையில் பார்க்கலாம், மாத்திரையும் இலவசம்தான்.

"நான் இருந்து என்ன பயன்" என்பது போல யாராவது பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே உதவி எண்ணை அழைத்து மருத்துவரிடம் கூட்டிச்செல்லுங்கள். தேயிலைக்கும் காய்கறிக்கும் அடிக்கும் பூச்சிமருந்து நம் வீடுகளில் கட்டிலுக்கடியிலும் படிக்கட்டுக்கடியிலும்தான் கிடக்கிறது. அதை வீட்டைவிட்டே அகற்றி, பூட்டுப் போட்ட கொட்டகையில் வைத்து, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். மிச்சமிருக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் இதுவே விதி.

மனநல மாத்திரையைக் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. ஊரடங்கு வரும் என்று பேச்சு அடிபட்டாலே ஒரு மாத மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.